பிறந்த இடம்: சிலோன்

எனக்கு எழுபத்தொரு வயது. ரேஷன் கார்டு எழுத வந்தவர் என் முகத்தைப் பார்த்து ஒரு வயதைப் போட்டார். அன்றிலிருந்து அதன் மேல் ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டு வருகிறேன். ஏழு பெற்றேன், ஐந்தை வளர்த்தேன். ஐந்தும் இன்று தத்தம் காலில் நிற்கின்றன. யார் வாசலிலும் போய்க் கை நீட்டி நின்றவள் இல்லை இந்தப் பேச்சியம்மாள்.

இவ்வளவும் பெருமைக்குத்தான் சொன்னேன். இனிச் சொல்லப்போவதில் பெருமை இல்லை.

என் கையால் தொப்புள்கொடி அறுத்த ஒரு பிள்ளையை, இந்த ஊரில் பிறந்தவன் இல்லை என்று சொன்னேன். ஒரு தடவை அல்ல... இரண்டு தடவை! முதல் தடவை அவனுக்கு ஐந்து வயது. இரண்டாம் தடவை இருபத்திரண்டு. அதனால் அவனுக்கு டிரைவர் லைசென்ஸ் கிடைக்கவில்லை. என் மகனுக்குக் கிடைத்தது.

ஏன் சொன்னாய் என்று கேட்பீர்கள். பொறாமை. வேறு காரணம் தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை.

என் எழுத்து நடை உங்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம். ஐம்பது வயதுக்கு மேல், தெருவில் நடந்த வகுப்பில் எழுத்துக் கற்றவள் நான். பிறகு செய்தித்தாளை எழுத்துக் கூட்டி வாசித்து வாசித்துத்தான் கை பழகியது. அதனால் பேசுகிற மாதிரி எழுத வராது. மெதுவாகத்தான் எழுதுவேன். நீங்களும் மெதுவாகவே படியுங்கள்.

கோவில்பட்டியில், பசுவந்தனைப் போகிற சாலைப் பக்கம், ஒரு வளவில் எங்கள் வீடு. ஒரே முற்றத்தைச் சுற்றி எட்டு வீடுகள். தீப்பெட்டித் தொழிற்சாலையை நாங்கள் ஆபீஸ் என்போம். அங்கே நான் கட்டை அடுக்குகிறவள். பள்ளம் பள்ளமாக வெட்டிய மெல்லிய மரச் சக்கைகளில் மருந்து தோய்க்காத குச்சிகளை ஒவ்வொன்றாக வைத்து, சக்கை மேல் சக்கையாக ஏற்றி, சட்டத்தில் இறுக்க வேண்டும். அதுதான் கட்டை. அந்த ஆபீஸில் என் கைக்கு ஈடு கை கிடையாது. கணக்குப்பிள்ளையே வேலைக்குப் புதிதாக வருகிற பெண்களை என் முன்னால் உட்காரவைத்து, "அந்த விரலைப் பாரு" என்பார். சன்னல் ஓரத்தில் வெளிச்சம் விழுகிற இடம் எனக்கு. பன்னிரண்டு வருஷம் அந்த இடத்தில் வேறு யாரும் உட்கார்ந்ததில்லை.

அப்போதுதான் இராமாயி வந்தாள்.

சிலோனில் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர்களை இரண்டு அரசாங்கமும் பேசி வைத்துக் கப்பலேற்றி அனுப்பினார்களே, அப்படி வந்தவள். அவள் தாத்தா காலத்தில் விளாத்திகுளம் பக்கமிருந்து பஞ்சம் பிழைக்கப் போன குடும்பம். எங்கள் வளவின் கடைசி வீட்டுக்கு, முற்றத்தைத் தாண்டி என் வாசலுக்கு எதிரே, புருஷனோடு குடிவந்தபோது அவள் ஆறு மாதக் கர்ப்பிணி. கையில் ஒரு தகரப் பெட்டி, ஒரு கம்பளி, புருஷன் பெயரும் அவள் பெயரும் எழுதிய சர்க்கார் காகிதம் ஒன்று. இந்த வெயிலுக்குக் கம்பளி! வளவே சிரித்தது.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. எங்கள் கரிசல் மண் மழையில் எப்படி மாறும் என்று தெரியாதவர்களுக்குச் சொன்னால் புரியாது. கால் வைத்தால் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். மாட்டு வண்டி அச்சு வரை இறங்கிவிடும். மூன்றாம் நாள் பகலில் இராமாயிக்கு வலி கண்டது. அவள் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். மருத்துவச்சியைக் கூப்பிடப் போன அவள் புருஷன் பிள்ளை பிறக்கும் வரை வந்து சேரவில்லை. என் வீட்டு அடுப்படியில்தான் கிடத்தினோம். என் மாமியார் தலைமாட்டில். நான் கால்மாட்டில்.

பிள்ளை என் கையில்தான் விழுந்தது. பிளேடை வெந்நீரில் போட்டு எடுத்துக் கொடியை அறுத்தேன். என் பழைய சேலையைக் கிழித்துச் சுற்றினேன். நான்கு மாதம் முன்னால் பிறந்திருந்த என் முருகேசனுக்குப் பக்கத்தில் அவனைப் படுக்கவைத்தேன்.

"என்ன பிள்ளைங்கக்கா?" என்றாள் இராமாயி.

"சிங்கக்குட்டிட்டி!" என்றேன்.

அந்த மகிழ்ச்சியில் பொய்யில்லை. அதையாவது நீங்கள் நம்ப வேண்டும்.

சுந்தரராசு என்று பெயர் வைத்தாள். பிறப்பை எழுதிவைக்க யாரும் போகவில்லை. மழை விடட்டும் என்றான் அவள் புருஷன். பிறகு வெயில் தாழட்டும் என்றான். மறு வருஷம் காய்ச்சலில் அவனே போய்விட்டான்.

புருஷன் போனதும் இராமாயியை ஆபீஸுக்குக் கூட்டிப்போனவள் நான்தான். கட்டை அடுக்கக் கற்றுக்கொடுத்தவளும் நான்தான். ஒரு வாரம் தடுமாறினாள். பிறகு...!

அந்த விரல்களை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒவ்வொரு குச்சியாக எடுப்பதே தெரியாது. கோழி இரை பொறுக்குகிற வேகம். எல்லோரும் வேலையை விட்டுவிட்டு அவளை வேடிக்கை பார்த்தார்கள்.

"எப்படிட்டி உனக்கு இந்தக் கை?" என்று கேட்டேன்.

"கொழுந்து கிள்ளின கைங்கக்கா. ரெண்டு இலை, ஒரு குருத்து. கண்ணு பாக்கிறதுக்கு முந்தி விரல் பாத்துக்கும். இல்லாட்டி கங்காணி ஏசுவாருங்க."

சிரித்துக்கொண்டே சொன்னாள். நானும் சிரித்தேன். உள்ளுக்குள் வேறு நினைத்தேன். பன்னிரண்டு வருஷம் நான் பாடுபட்டுச் சேர்த்த பெயரை, யாரோ ஒருத்தி எங்கோ ஒரு மலையில் இலை கிள்ளிப் பழகிய கையால் தட்டிக்கொண்டு போவதா?

பிள்ளைகளுக்கு ஐந்து வயது ஆன ஆனி மாதம் அது. ஒரு நாள் காலையில் ஆபீஸுக்குள் நுழைந்தால் சன்னல் ஓரத்தில் இராமாயி உட்கார்ந்திருக்கிறாள்.

கணக்குப்பிள்ளை எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "பேச்சியம்மா, நீ இனிமே சுவத்துப் பக்கமா உக்காரு. கை ஓடுதவளுக்குத்தான் வெளிச்சம்."

இராமாயி எழுந்துவிட்டாள். "வேணாங்கய்யா, அக்கா இடம் அது" என்றாள்.

"உக்காரும்மா நீ!"

நான் சுவர்ப் பக்கம் போய் உட்கார்ந்தேன். அவள் சண்டை போட்டுப் பிடித்திருந்தால் எனக்கு ஆறியிருக்கும். விட்டுக்கொடுக்க எழுந்தாளே... அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் பிள்ளை சேர்க்கிற நாள். சரக்கு அவசரம் என்று இராமாயிக்கு விடுப்பில்லை. மெதுவான கைக்கு விடுப்பு கிடைத்தது. எனக்கு!

"அக்கா, முருகேசனோட சேத்து இவனையும் சேத்து விட்டுருங்க" என்று சுந்தரராசுவைக் குளிப்பாட்டி, பவுடர் போட்டு என் வாசலில் விட்டுப் போனாள்.

இரண்டு பேரையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு போனேன். தலைமை ஆசிரியர் பெரிய நோட்டை விரித்து வைத்திருந்தார். முருகேசன் பெயர், அப்பா பெயர், பிறந்த இடம் கேட்டார். கோவில்பட்டி என்றேன். எழுதினார்.

"இவன்?"

பெயர் சொன்னேன். அப்பா பெயர் சொன்னேன்.

"பிறந்த இடம்?"

என் அடுப்படியைத் தவிர வேறு என்ன சொல்ல முடியும்? ஆனால் எனக்கு அந்தச் சன்னல்தான் கண்ணில் வந்தது. என் வெளிச்சத்தில் உட்கார்ந்துவிட்டாள். இனி என் மகனுக்குப் பக்கத்தில் இவள் மகனும் கோவில்பட்டிக்காரனாக எழுதப்பட வேண்டுமா?

"சிலோன்" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "கப்பல்ல வந்த பிள்ளையா? பாத்தாத் தெரியலையே."

"ஆமா சார். வரும்போதே கைப்பிள்ளை."

எழுதிக்கொண்டார். நான் கட்டைவிரலை மையில் தோய்த்து வைத்தேன். சுந்தரராசு என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, நோட்டில் ஊர்கிற பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒரு சொல்தானே! அது அந்த நோட்டுக்குள்ளேயே கிடந்து மக்கிப்போகும் என்று நினைத்தேன். காகிதத்தில் ஏறிய சொல் மக்காது என்று எழுத்தறியாத எனக்கு யார் சொன்னார்கள்?

பிள்ளைகள் வளர்ந்தார்கள். முருகேசன் நல்லவன்தான், ஆனால் எதிலும் அவசரம். சுந்தரராசு பொறுமைக்காரன். எட்டாவது முடித்து இரண்டு பேரும் லாரிப் பட்டறையில் சேர்ந்தார்கள், லாரியில் கிளீனராகப் போனார்கள், அங்கேயே ஓட்டப் பழகினார்கள். கயத்தாறு லாரி நிறுத்தத்தில் டிரைவர்கள் சாப்பிடும்போது வண்டியைத் திருப்பி நிறுத்தச் சுந்தரராசுவைத்தான் கூப்பிடுவார்களாம். இதை என் மகனே வந்து என்னிடம் சொல்வான், கூட்டாளியைப் பற்றிப் பெருமையாக. அவனுக்குப் பொறாமை இல்லை. அவன் பங்கையும் சேர்த்து நானே வைத்துக்கொண்டேன்.

தொண்ணூற்றெட்டாம் வருஷம் எங்கள் ஆபீஸ் முதலாளி, பக்கத்துக் கிராமத்துப் பெண்களை வேலைக்கு ஏற்றிவரப் புதிதாக வேன் வாங்கினார். "லைசென்ஸோட முதல்ல வருதவனுக்கு வண்டி" என்று சொல்லிவிட்டார். நிரந்தர வேலை. இரண்டு பேரும் மனுப் போட்டார்கள். எட்டுப் போட்டுக் காட்டும் சோதனையில் முருகேசன் இரண்டு தடவை கோட்டைத் தொட்டுத் தோற்றான். சுந்தரராசு முதல் தடவையே ஜெயித்தான்.

அன்று ஒரு வாய்ச் சோறு எனக்கு இறங்கவில்லை. தாய்க்குத் தாய் தோற்றேன், மகனுக்கு மகனும் தோற்க வேண்டுமா!

ஆனால் லைசென்ஸ் கையில் வரவில்லை. குமாஸ்தா அவனுடைய பள்ளிச் சான்றிதழைப் பார்த்துவிட்டார்.

"சிலோன்ல பிறந்தேன்னு போட்டிருக்கு. அகதியா நீ? எந்த முகாம்?"

அந்தச் சொல் சான்றிதழில் இருப்பதைச் சுந்தரராசு முன்பே பார்த்திருக்கிறான். அம்மாவின் ஊரை எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டானாம். இராமாயி தகரப் பெட்டியிலிருந்த சர்க்கார் காகிதத்தை எடுத்துக்கொண்டு ஓடினாள். அதில் அவள் பெயர் இருந்தது, புருஷன் பெயர் இருந்தது. மகன் பெயர் எப்படி இருக்கும்? அவன் பிறந்ததே இங்கு வந்த பிறகு!

"இதுல உன் மகன் பேரே இல்லையேம்மா. அங்கன பிறந்தவன்னா இதுல பேர் இருக்கணும். பேரில்லாம எப்படி வந்தான்? தோணியிலயா?" என்றாராம் குமாஸ்தா.

அவரையும் குற்றம் சொல்ல முடியாது. சிலோன் என்றாலே போலீஸ்காரர்கள் இரண்டு தடவை விசாரித்துக்கொண்டிருந்த காலம். யாருக்குக் கையெழுத்துப் போட்டால் நாளை என்ன வருமோ என்ற பயம் எல்லா ஆபீஸிலும் இருந்தது.

இராமாயி என் வாசலில் வந்து உட்கார்ந்து அழுதாள். "அங்க இருந்தப்ப எங்களைக் கள்ளத்தோணின்னு ஏசினாங்கக்கா. இங்க வந்து பெத்த பிள்ளைக்கும் அதே பேருதானா?"

தெருமுனை டீக்கடையிலும் அதே பேச்சு. "பிழைக்க வந்தவனுக்கெல்லாம் லைசென்ஸ் கொடுத்தா நம்ம பயலுவ எதை ஓட்டுவானுவ?" என்றார் ஒருவர்.

"அவிய தாத்தன் இங்கனயிருந்து போனவருதான வே! போகும்போது யாரு சீட்டுக் கேட்டா?" என்றார் இன்னொருவர்.

தண்ணீர்க் குடத்தோடு நின்று இரண்டையும் கேட்டேன். முதலில் பேசியவர் பக்கம் நியாயம் இருப்பதாகப் பட்டது. பட்டதா, படவைத்துக்கொண்டேனா?

கடைசியில், பிறந்ததைக் கண்ணால் பார்த்த ஒருவர் தாலுகா ஆபீஸில் வந்து சொன்னால், பிறப்பை இப்போதாவது பதியலாம், பதிந்தால் லைசென்ஸும் வரும் என்று சொல்லியிருக்கிறார்கள். பார்த்தவர்களில் என் மாமியார் செத்துப் பல வருஷம். மிஞ்சியது நான்.

"நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதுங்கக்கா" என்றாள் இராமாயி.

"இதுக்குப் போயி அழுவியாட்டி? நான் வாரேன்" என்றேன்.

போனேன். தலைவாரி, நல்ல சேலை உடுத்திக்கொண்டு போனேன். படி ஏறும்போது உண்மையைச் சொல்லத்தான் நினைத்தேன். நினைத்தேனா...? அப்படித்தான் இத்தனை வருஷமும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

சாட்சி மட்டும் உள்ளே வரட்டும் என்றார்கள். இராமாயியும் மகனும் வெளிப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அதிகாரி சின்ன வயசுக்காரர், மரியாதையாகப் பேசினார். மேசை மேல் அந்தப் பள்ளிச் சான்றிதழ்.

"பயப்படாமச் சொல்லுங்கம்மா. இந்தப் பையன் இங்கதான் பிறந்தானா? உங்க ஒரு வார்த்தையிலதான் இருக்கு."

கதவு திறந்திருந்தது. வெளியே யாரோ ஒரு கிழவர் தடி ஊன்றி வந்தார். சுந்தரராசு சட்டென்று எழுந்து அவருக்கு இடம் கொடுத்தான். வெள்ளைச் சட்டை. நெடுநெடு உயரம். இராமாயி அவன் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டாள். அவள் முகத்தில் ஒரு நிறைவு... என் முருகேசன் யாருக்கும் அப்படி எழுந்து இடம் கொடுத்து நான் பார்த்ததில்லை.

அந்த நிறைவை என்னால் பார்க்க முடியவில்லை. அவ்வளவுதான். என்னைத் திட்டுவதற்கு வேறு பெரிய காரணம் எதிர்பார்த்தீர்களா? இவ்வளவுதான்!

"எனக்குத் தெரியாது சார். அவ இங்க வரும்போதே கையில பிள்ளையோடதான் வந்தா" என்றேன்.

"நிச்சயமாவா? அவங்க உங்களைத்தானே சாட்சியா கூட்டி வந்திருக்காங்க?"

"பாவம், சொல்லச் சொல்லிக் கெஞ்சுதா. பொய் சொல்ல எனக்கு வரலை சார்."

அவர் என்னை மதிப்போடு பார்த்தார். ஐயோ, அந்த மதிப்பு! எழுதி முடித்து, கைநாட்டுக்காக மைப்பெட்டியை என் பக்கம் நகர்த்தினார்.

"வேண்டாம். கையெழுத்துப் போடுவேன்" என்றேன்.

பே... ச்... சி... ய... ம்... மா... ள். ஓர் எழுத்துப் பிசகவில்லை. சர்க்கார் காகிதத்தில் என் வாழ்நாளில் நான் போட்ட முதல் கையெழுத்து அதுதான்.

வெளியே வந்தேன். "பள்ளிக்கூடத்துல எழுதினதுதான் செல்லுமாம்ட்டி. என் பேச்சு எடுபடலை" என்றேன்.

இராமாயி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பரவாயில்லீங்கக்கா. வேலையை விட்டுட்டு எனக்காக வந்தீங்களே."

எதிர்க் கடையில் கலர் வாங்கினார்கள். சுந்தரராசு முதல் பாட்டிலை என்னிடம் நீட்டினான். "குடிங்க பெரியம்மா, ரொம்ப நேரம் நின்னுட்டீங்க."

குடித்தேன். முழுவதும் குடித்தேன்.

"பள்ளிக்கூடத்துல யாருங்கக்கா சிலோன்னு சொல்லியிருப்பா?" என்றாள் இராமாயி.

"வாத்தியாரு அவராவே எழுதியிருப்பாரு" என்றேன்.

மூன்றாம் தடவை முருகேசன் எட்டைச் சரியாகப் போட்டான். லைசென்ஸ் வந்தது. வேன் வந்தது. பிறகு கல்யாணம், பிள்ளைகள், எல்லாம். சுந்தரராசு அதே ஆபீஸில் மூட்டை ஏற்றுகிறவன் ஆனான். லைசென்ஸ் இல்லாமல் ரோட்டில் வண்டி ஓட்டமாட்டேன் என்று சொல்லிவிட்டான். போலீஸ் கேட்டால் எந்த முகாம் என்றல்லவா கேட்பார்கள்?

ஜெயித்துவிட்டோமே, இனிப் பொறாமை அடங்கும் என்று நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். அடங்கவில்லை! ஒரு மழைநாள் வேன் கரிசலில் இறங்கிவிட்டது. வண்டி நிறையப் பெண்கள், நானும் இருந்தேன். முருகேசன் முறுக்க முறுக்கச் சக்கரம் புதைந்துகொண்டே போனது. சரக்கு வண்டியில் மூட்டைகளோடு பின்னால் வந்த சுந்தரராசு இறங்கி வந்தான். சக்கரத்துக்கு அடியில் சோளத்தட்டையைப் போட்டான். "மச்சான், நான் ஒரு தடவை பாக்கட்டுமா?" என்று கேட்டு ஏறி உட்கார்ந்தான். முன்னால் கொஞ்சம், பின்னால் கொஞ்சம், தொட்டிலை ஆட்டுவது போல ஆட்டி வெளியே கொண்டுவந்தான். சாவியை முருகேசன் கையில் கொடுத்துவிட்டு இறங்கிப் போனான். பெண்கள் எல்லோரும் கைதட்டினார்கள்.

நான் தட்டவில்லை. எனக்குப் பற்றி எரிந்தது. அவன் வாயிலிருந்து பறித்த பிறகும் அவன் மேலேயே பொறாமைப்படுகிறேனே, நான் என்ன பிறவி?

போன பங்குனியில் இராமாயி செத்துப்போனாள். மருந்துத் தூசி நெஞ்சில் ஏறி இருமி இருமியே போனாள். கடைசி வாரம் பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாளாம்: "எம் மகன் பிறப்பைச் சொல்ல அக்கா தாலுகா ஆபீஸ் வரைக்கும் வந்தாங்க. இந்த ஊருல எனக்குன்னு வந்து நின்னவங்க அவங்க ஒருத்தருதான்."

என்னைத் தலைமாட்டில் உட்காரச் சொன்னாள். அந்த விரல்களைப் பிடித்துக்கொண்டிருந்தேன். சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை. நிம்மதியாகப் போகட்டும் என்று விட்டேன் என்பேன் நீங்கள் கேட்டால். அதை நம்பாதீர்கள்.

சுந்தரராசு எதிர் வீட்டில்தான் இருக்கிறான். முப்பத்து மூன்று வயது. காலையில் பல் துலக்கும்போது "காப்பி ஆச்சா பெரியம்மா?" என்று கேட்பான். தாலுகா ஆபீஸ் அதே இடத்தில் இருக்கிறது. நடந்தே போய்விடலாம். பன்னிரண்டு எட்டு வைத்தால் அவன் வாசல். போன மாதத்திலிருந்து தினமும் எழுந்து செருப்பை மாட்டுகிறேன். முற்றத்துப் பாதியில் ஏதோ வேலை நினைவு வந்துவிடுகிறது. அவனுக்குச் சொன்னால் முருகேசனுக்கும் தெரியும். தன் உழைப்பு என்று அவன் நினைத்திருக்கும் சோற்றில் நான் போட்டது என்ன என்று தெரியும். அதற்குப் பிறகு என்னை யார் பேச்சியம்மாள் என்று நிமிர்ந்து பார்ப்பார்கள்?

அதனால் உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் யாரோ. உங்களிடம் சொல்வது எளிதாக இருக்கிறது. இது சொன்னதாகுமா? எனக்குத் தெரியவில்லை.

கண் மங்கிவிட்டது. எழுதியதை என்னால் திரும்ப வாசிக்க முடியவில்லை. முருகேசன் மகள் செல்வி நான்காவது படிக்கிறாள். அவளைத்தான் கூப்பிட வேண்டும்.

ஏட்டி செல்வி, இங்கன வா. பக்கத்துல உக்காரு. இதை முதல்லயிருந்து எனக்கு வாசி. எனக்குக் கேட்டாப் போதும், எதிர் வீட்டுக்குக் கேக்க வேண்டாம். எழுத்துப் பிசகியிருந்தாத் திருத்து, ஆனா ஒரு வரியையும் அடிக்காத. உங்க அப்பா பேரு வரும், அங்கன நிறுத்தி என் மூஞ்சியைப் பாக்காம மேல வாசி. வாசலுக்கு அவன் வேன் சத்தம் வந்தா மட்டும் நிறுத்திரு.